என் வீட்டுக்கு வந்த அபராதம்

1. லாரி

நான் எழுதிய ஷரத்து ஒன்று ஒருநாள் லாரி ஏறி என் வீட்டுக்கே வந்தது.

மலேசியாவின் மம்பாவில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் சாயங்கால நேரம். பக்கத்து வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் லாரி நின்றதும், யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வழி சொல்லப் போனேன். பின்பலகையை இறக்கினார்கள். உள்ளே சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல். பக்கத்தில் இரண்டு சூலம், ஆள் உயரத்துக்கு ஓர் அரிவாள், ஒரு வெண்கல மணி. கல் சாய்ந்துவிடாமல் இருவர் தோள் கொடுத்துப் பிடித்திருந்தார்கள்.

முன்சீட்டிலிருந்து சரோஜா இறங்கினார். ரந்தாவ் பக்கம் பள்ளி வேன் ஓட்டுபவர். அங்கே ஒரு தோட்டத்து முனியாண்டி கோயில் கமிட்டிக்குச் செயலாளர்.

"அண்ணே, காடியை எடுத்து ரோட்டுல போடுங்க. போர்ச் காலியா இருக்கணும்."

"எதுக்கும்மா?"

"ஐயா தங்கப் போறாரு. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

எனக்கு எப்போதும் வாயில் ஒரு பதில் இருக்கும். கல்யாண வீட்டில் இருக்கும், சாவு வீட்டில் இருக்கும், டெண்டர் மீட்டிங்கில்கூட இருக்கும். அன்றைக்கு வாய்க்கு முன்னால் என் கை கார் சாவியைத் தேடியது.

ஆபீஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள், "அபராத ஷரத்து எப்படி சார் எழுதுறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். முழுதாகக் கேட்ட பிறகும் சிலர் இந்த வேலையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தைரியசாலிகள்.

2. பயமுறுத்துவதற்காக எழுதியது

சிரம்பானில் ஒரு மண்வேலைக் கம்பெனி. தலையில் முடி இருந்த காலத்தில் நான் அங்கே சேர்ந்தேன். ஒப்பந்தங்களைப் படிப்பது, எழுதுவது, ஏதாவது கோளாறு ஆனால் "இதைப் படிச்சியா இல்லையா?" என்று பாஸ் கேட்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பது, இதெல்லாம் என் வேலை.

எங்கள் தொழிலில் எல்.ஏ.டி. என்று ஒன்று உண்டு. சொன்ன நாளில் வேலையை முடித்து ஒப்படைக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் இழப்பீடு. எதிராளிக்கு உண்மையில் என்ன நஷ்டம் வரும் என்று மதிப்பிட்டு எழுத வேண்டியது அது. நஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், ஆளை மிரட்டி வேலை வாங்குவதற்காகவே எழுதினால் அதற்குப் பெயர் அபராதம். பயமுறுத்துவதற்காக எழுதியது என்று சொல்லி, பழைய இங்கிலீஷ் கோர்ட்டுகள் அதைத் செல்லாது என்று தள்ளின. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தில் எழுபத்தைந்தாவது பிரிவு இருக்கிறது. நீ எவ்வளவு பெரிதாக எழுதினாலும் அது மேல்வரம்புதான், நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது.

இதையெல்லாம் நான் பல் விளக்கிக்கொண்டே சொல்வேன். அதனால் எந்த ஷரத்துக்கும் நான் பயந்ததில்லை. எழுபத்தைந்தாவது பிரிவை முனியாண்டி படித்திருப்பாரா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வேலை ரந்தாவுக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில். வீடமைப்புக்காக நிலம் கைமாறியிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்து, மண்ணைச் சமப்படுத்தி, குறித்த நாளில் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தால் எல்.ஏ.டி., நாள்தோறும். எங்களிடம் கொடுத்த மேப்பில் லயங்கள் இருந்தன, கால்வாய் இருந்தது, கணக்கெழுதும் கிராணியின் பழைய வீடு இருந்தது. நிலத்தின் நட்டநடுவே நின்ற தூங்குமூஞ்சி மரமும் அதன் கீழே இருந்த முனியாண்டியும் இல்லை.

எக்ஸ்கவேட்டர் ஓட்டிய குணா மரத்துக்குச் சற்றுத் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டான்.

"என்னடா, டீசல் இல்லையா?"

"டீசல் இருக்குண்ணே. உத்தரவு இல்ல. கோயில்காரங்கள்ட்ட பேசிட்டு வாங்க, அப்புறம் வாளி இறக்கறேன்."

"நீ யாருகிட்ட சம்பளம் வாங்குற?"

"சம்பளம் பாஸ்கிட்ட. ஆனா வீட்டுக்குப் போற வழி இந்த மரத்தடிதான் லா."

3. மரத்தடி

கோயில் கமிட்டியோடு பேச்சுவார்த்தைக்குப் போனபோது உச்சிப்பொழுது. தோட்டத்தில் அந்த நேரம் ஒரு மாதிரியாக இருக்கும். லயத்து வீடுகளின் கதவுகளை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வீட்டின் முன்னால் நின்று பார்த்தால் பின்வாசல் வழியாக அந்தப் பக்கத்துச் செம்பனை தெரிந்தது. வரிசையாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரோ போய்வருவதற்காகத் திறந்து வைத்த மாதிரி.

"லயம் கட்டின வெள்ளைக்காரன் எல்லா வாசலையும் ஒரே கோட்டுல வெச்சு மரச் செலவு மிச்சம் பண்ணியிருக்கான்," என்றேன்.

"அது ஐயா போற பாதைண்ணே," என்றார் சரோஜா. "முன்கதவும் பின்கதவும் நேரா இருக்கணும். குறுக்க யாரும் படுக்கக்கூடாது, உக்காரக்கூடாது. உச்சிக்கும் அந்திக்கும் நடந்து போவாரு."

"பாஸ்போர்ட் எல்லாம் வெச்சிருக்காரா?"

யாரும் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் இரண்டு வகை: புரியாதவர்கள், புரிந்தவர்கள். இவர்கள் இரண்டாவது வகை.

கோயிலை எடுப்பதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. ரோட்டோரமாக மூலையில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே மேடையும் கூரையும் நாங்கள் கட்டித்தர வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்து, அதே நாளில் இந்த இடத்தை அவர்கள் காலி செய்வார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

"பக்கத்து டிவிஷன்லயும் இப்படித்தான் சொன்னாங்க," என்றார் சரோஜா. "அங்க இருந்த காளியை எடுத்து கன்டெய்னர்ல வெச்சாங்க. ரெண்டு மாசம்னாங்க. இன்னும் கன்டெய்னர்லதான் இருக்கு. பூட்டு துருப்பிடிச்சுப்போச்சு. நாங்க வெளிய நின்னு இரும்பைக் கும்பிட்டுட்டு வர்றோம்."

"அப்படி ஆகாதும்மா. வேணும்னா தாமதத்துக்கு ஒரு தொகை எழுதிடலாம். நாளுக்கு இவ்வளவுன்னு."

"காசு வேணாம்ணே. காசு குடுத்துட்டா, தப்பு செய்யறதுக்கு டிக்கெட் வாங்குன மாதிரி ஆயிரும். உங்க பாஸ் டிக்கெட் வாங்கிட்டு நிம்மதியா உக்காந்துக்குவாரு."

இதைவிடச் சுருக்கமாக எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, பசி வேறு.

"சரி, வேற என்னதான் வேணும்? நாள் தப்பினா முனியாண்டியை என் வீட்ல கொண்டாந்து வைங்க. எங்க போர்ச்சுல நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு. போதுமா?"

மரத்தில் தொங்கிய மணி ஒருதரம் அடித்தது. ஒரே ஒரு தரம், டங் என்று. காற்று என்று நினைத்தேன். மரத்தின் இலை ஒன்றுகூட ஆடவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அங்கே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரோஜா கையிலிருந்த தண்ணீர் போத்தலைக் கீழே வைத்தார்.

"எழுதுங்கண்ணே," என்றார்.

எழுதினேன். விளையாட்டுதானே என்று அழகாகவே எழுதினேன். குறித்த நாளுக்குள் புதிய மேடை ஆயத்தமாகாவிடில், தெய்வம் கீழே கையெழுத்திட்டவரின் இல்லத்தில், அவர் செலவில், மேடை ஆயத்தமாகும் வரை தங்கும். கீழே கையெழுத்திட்டேன். இந்த இடத்தில் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடும்போது கம்பெனியின் பெயரை எழுதி, சாப், அதாவது ரப்பர் முத்திரை, குத்த வேண்டும். சாப் காரில் இருந்தது. கார் மெயின் ரோட்டில் இருந்தது. நடுவே அந்த வெயில்.

சாப் இல்லாத கையெழுத்தில் கீழே கையெழுத்திட்டவர் கம்பெனி இல்லை. கதிரேசன், மம்பாவ்.

4. கடிக்காத சாமி

எங்கள் பாஸ் சிரம்பானில் பழைய வியாபாரக் குடும்பம். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தாளை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் படித்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஏன் கதிர், உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"விளையாட்டுக்கு எழுதினது பாஸ். சட்டப்படி செல்லாது. நஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சும்மா பயமுறுத்தறதுக்கு."

"நீ பயந்தியா?"

"நானா?"

மழை வந்து மண்வேலை பிந்தியது. மேடை கட்ட வேண்டிய ஆட்களை பாஸ் மண்வேலைக்கு இழுத்துக்கொண்டார். நான் ஞாபகப்படுத்தினேன்.

"பாஸ், கோயில் மேடை?"

"மெயின் கான்ட்ராக்ட்ல ஒரு நாள் தள்ளினா கடிக்கும் கதிர். கோயில் கடிக்காது. அதோட எங்க வீட்ல முருகன். இது தோட்டத்துச் சாமி. அவங்களுக்குப் பொறுமை அதிகம்."

குறித்த நாள் வந்தது. மூலை நிலத்தில் நான்கு கம்பிகள் மட்டும் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தன. அவர்கள் மறியல் செய்வார்கள், மரத்தைச் சுற்றி உட்காருவார்கள், பேப்பரில் வரும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்ன வாக்குப்படி மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டு, லாரி எடுத்துக்கொண்டு மம்பாவுக்கு வந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை மீறாத எதிராளியைப்போல ஆபத்தானவர் யாருமில்லை.

5. போர்ச்

போர்ச்சில் மணலைப் பரப்பி, கல்லை இறக்கி, சூலத்தை நட்டார்கள். நான் சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சட்டம் பேசினேன்.

"தங்கச்சி, இந்த ஷரத்து கோர்ட்ல நிக்காது. உங்களுக்கு என்ன நஷ்டம்னு காட்டணும். அதுக்குச் சமமாத்தான் ஈடு கேக்கலாம்."

"சரிண்ணே. கேஸ் போடுங்க. அவரையும் கூட்டிட்டுப் போங்க. கூண்டுல ஏத்தி நீங்களே கேளுங்க."

என் மனைவி லலிதா கிளினிக்கில் நர்ஸ். ரத்தம், சீழ், பேறுகாலம் எல்லாம் பார்த்தவள். வெளியே வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"அவருக்கு என்ன குடுக்கணும்?" என்று சரோஜாவிடம் கேட்டாள்.

"சுருட்டு ஒண்ணு, பால் போடாத கோப்பி-ஓ ஒரு கிளாஸ். விளக்கு. அப்புறம் பாதையை மறைக்கக்கூடாதுக்கா."

எங்களுடையது வரிசை வீடு. கேட், முன்கதவு, ஹால், சமையலறை, பின்கதவு, அதற்கப்பால் பின்சந்து. எல்லாம் ஒரே கோட்டில். இத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தும் அது லயத்து வீட்டின் அச்சு என்று எனக்குத் தெரிந்ததில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளினோம்.

கடைசியாக மணியை என் கையில் கொடுத்தார்கள். வாங்கி ஆட்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. கவிழ்த்து உள்ளே பார்த்தேன்.

"இதுக்கு நாக்கு எங்க?"

"அது எப்பவோ விழுந்துருச்சுண்ணே," என்றார் சரோஜா. "நாங்க இந்த மணியை அடிக்கிறதே இல்ல."

மரத்தடியில் கேட்ட சத்தத்தை நான் அவரிடம் கேட்கவில்லை. சில கேள்விகளுக்கு எழுத்துபூர்வமான பதில் வராமலிருப்பதே நல்லது.

6. உச்சிப்பொழுது

அடுத்து வந்த சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். தாமானில் மத்தியானம் என்றால் ஒரு சத்தமும் இருக்காது. பக்கத்து வீட்டு நாய் மட்டும் விதிவிலக்கு. தபால்காரர், பூனை, மழை, என் இருமல் என்று எதற்கும் குரைக்கும். அது திடீரென்று குரைப்பதை நிறுத்தி, தாடையைத் தரையில் பதித்துப் படுத்தது. வால் மட்டும் கால்களுக்கு நடுவே.

கேட்டின் தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் கேட்டது. கேட் மூடியபடியே இருந்தது.

பிறகு சுருட்டு வாசனை. முதலில் போர்ச்சில். பிறகு முன்கதவில். பிறகு ஹாலில், எனக்கு இரண்டு அடி தள்ளி. வாசனை நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவசரமில்லாமல், கோப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் நடக்கிற நடை. சமையலறைத் திரை ஒருபக்கமாக ஒதுங்கி நின்று, மறுபடி விழுந்தது.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? குளியலறையில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல். எப்படி வந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. திரை விலகியதைக் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். கையில் டி.வி. ரிமோட் இருந்தது. ஒருவேளை அணைத்துவிடலாம் என்று எடுத்து வந்தேனோ என்னவோ.

லலிதா கதவைத் தட்டினாள். "ஏங்க, வெளிய வாங்க. அவரு போயிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாய் எந்திரிச்சிருச்சு."

போர்ச்சில் காலையில் வைத்த சுருட்டு பாதி சாம்பலாகியிருந்தது. யார் பற்றவைத்தது என்று லலிதாவிடம் கேட்டேன். "நீங்க இல்லைன்னா நானும் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சாதம் வடிக்கப் போனாள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. படித்தவன், ஒப்பந்தம் எழுதுகிறவன், வாளிமேல் உட்காரலாமா? மறுநாள் வேண்டுமென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பாதைக்குக் குறுக்கே, ஹாலின் நடுவில் போட்டேன். பிறகு அறிவியல் ஆராய்ச்சிக்காக வாளிக்குத் திரும்பிப் போனேன்.

நாய் அடங்கியது. தாழ்ப்பாள் கேட்டது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாற்காலிக் கால் தரையில் உரசுகிற சத்தம், மெதுவாக, நீளமாக.

வந்து பார்த்தேன். நாற்காலி சுவரோரமாக இருந்தது. சுவருக்கு இணையாக, நேராக, அதன்மேல் இருந்த என் துண்டு மடித்தபடியே. தூக்கி எறிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மரியாதையாக ஒதுக்கி வைத்திருந்தது.

7. நஷ்டம்

சாயங்காலங்களில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரந்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில், சுவாவிலிருந்து வேனில். ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். ஃபேக்டரி, ஹோட்டல், செக்யூரிட்டி என்று வேலைக்குப் போகும் வழியில் வந்தார்கள். என் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஒரு பெண் தினமும் வருவார். ஒருநாள் நான் கேட்டேன்.

"எவ்வளவு தூரத்துல இருந்தும்மா வர்றீங்க?"

"தூரம்தான். ஐயா அங்க இருந்தப்ப வேலைக்குப் போற வழியிலயே நின்னுட்டுப் போயிருவேன். இப்ப ஒரு பஸ் கூடப் பிடிக்கணும். இங்க உங்க வீட்டு வாசல்ல அழறதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்குண்ணே. அங்கன்னா யாரும் பாக்க மாட்டாங்க."

சட்டப்படி என்ன நஷ்டம் என்று நான் சரோஜாவிடம் கேட்டேன் அல்லவா. அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. அதை எந்தப் பிரிவின் கீழ் மதிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அவர்களின் வருஷப் பூசை. அதற்குள் மேடை ஆகாவிட்டால் அந்தக் காளியைப் போலத்தான். கன்டெய்னருக்குப் பதிலாக என் போர்ச். பூட்டு மட்டும்தான் குறை.

பாஸிடம் போனேன். கெஞ்சினேன். "அடுத்த வாரம் கதிர்," என்றார். போன வாரமும் அதையேதான் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவறு ஷரத்தில் இல்லை. அபராதம் தப்பான ஆள் வீட்டில் தங்கியிருந்தது.

"பாஸ்," என்றேன், "லலிதா ஆட்டிறைச்சி பிரட்டல் செய்யறா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்களேன்."

8. விருந்து

பாஸ் வந்தார். போர்ச்சைப் பார்த்தார். கும்பிடுவதா வேண்டாமா என்று அவர் கை பாதியில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

ஹாலின் நடுவே சின்ன மேசை போட்டிருந்தேன். ஒரே ஒரு நல்ல நாற்காலி. எங்கே போட்டேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். பாஸின் முதுகு முன்வாசலுக்கு, முகம் பின்கதவுக்கு. லலிதா என்னை முறைத்தாள். பாஸுக்குப் பரிமாறிவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நானும் அவள் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க உக்காரலையா?"

"நீங்க சாப்பிடுங்க பாஸ்."

"பிரட்டல் பிரமாதம்மா," என்று லலிதாவிடம் சொன்னார். "கதிர், நீ என்னமோ பேய் பிசாசுன்னு ஆபீஸ்ல..."

நாய் நிறுத்தியது.

அது இவ்வளவு நேரம் குரைத்துக்கொண்டிருந்தது என்பதே அது நிறுத்தியபோதுதான் தெரிந்தது. தாழ்ப்பாள் சத்தம். பாஸ் திரும்பவில்லை. ஆனால் அவர் மெல்லுவது நின்றது. வாசனை போர்ச்சைத் தாண்டியது, நிலைப்படியைத் தாண்டியது, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நகரவில்லை. யாராவது வழியில் நின்றால், அவர்களாகவே கவனித்து விலகட்டும் என்று நாம் நிற்போமே, அந்த மாதிரி.

பாஸ் எழுந்தார். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கமாக வந்து சுவரோரம் நின்றார். மூன்று பேரும் வரிசையாக, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் போகும்போது நிற்கிற மாதிரி. சமையலறைத் திரை ஒதுங்கியது. விழுந்தது.

தட்டைக் கீழே வைக்காமலே பாஸ் கேட்டார்.

"யாரு கதிர் வந்தது?"

"யாரும் வரலையே பாஸ்."

"அப்புறம் நான் ஏன் எந்திரிச்சேன்?"

லலிதாதான் சொன்னாள். "நல்ல வேளை எந்திரிச்சீங்க சார். இவரு நாற்காலி போட்டப்ப அது தானா நகந்துச்சு."

பாஸ் குளியலறை எங்கே என்று விசாரித்தார். உள்ளே இருந்து அவர் ஃபோனில் பேசுவது கேட்டது. "கோயில் மேடைக்கு இன்னிக்கே ஆள் போடு. ஞாயித்துக்கிழமைன்னா என்ன? டபுள் போட்டுக் குடு." வாளி கவிழும் சத்தமும் கேட்டது. நான் லலிதாவைப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் அந்த யோசனை வரும் என்று நினைத்திருந்தேன்.

9. பாக்கியிருக்கும் கையெழுத்து

வருஷப் பூசைக்கு முன்பே மேடை எழும்பியது, கூரையும் ஏறியது. அதே லாரி வந்தது. போகும்போது நாய் எழுந்து லாரியின் பின்னாலேயே தெருமுனை வரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தது. அந்தச் செக்யூரிட்டிப் பெண்ணைப் பூசையன்று மூலை நிலத்தில் பார்த்தேன். யாரும் பார்க்காத ஓரமாக நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பொங்கல் வாங்கப் போனேன்.

ஒப்பந்தக்காரன் புத்தி போகாது. பூசை முடிந்ததும் ஒரு தாளை எடுத்துச் சரோஜாவிடம் நீட்டினேன். ஷரத்து நிறைவேறியது, இனி ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை சாப்பும் கையிலேயே இருந்தது.

சரோஜா நிதானமாகப் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல நான் எப்படிண்ணே கையெழுத்துப் போடறது? உங்க வீட்ல தங்குனது நான் இல்லையே."

"அப்ப யாருகிட்ட வாங்குறது?"

அவர் மேடைப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். மரக்கிளை இல்லாததால் மணியைக் கூரை விட்டத்தில் கட்டியிருந்தார்கள். நான் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மணி ஏதும் சொல்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கையெழுத்து இன்றும் பாக்கி. எங்கள் ஹாலில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நாங்கள் எதையும் வைப்பதில்லை. வருகிறவர்கள் வீடு விசாலமாக இருக்கிறது என்கிறார்கள். பாஸ் மட்டும் வந்தால், தானே நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அபராத ஷரத்து எழுதும்போது தொகையைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். வாக்குத் தவறினால் எதிராளிக்கு எது இல்லாமல் போகும் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். தவறப்போகிறவர் யார், அவருக்கு எது உறைக்கும் என்று பாருங்கள். உறைக்காத ஆளுக்கு எழுதிய ஷரத்து, எழுதினவன் வீட்டுக்குத்தான் வரும்.

போன வாரம் ஒரு மத்தியானம் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திப் படுத்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. உடனே பாஸுக்கு ஃபோன் போட்டேன்.

"பாஸ், பூசையன்னிக்கு, கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தர்றதாச் சொல்லியிருந்தீங்களே, அது எந்த மட்டுல இருக்கு?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரா?" என்றார் பாஸ்.

"தெரியல. நாய் படுத்திருக்கு."

"நாளைக்கே ஆள் அனுப்பறேன்னு சொல்லிடு."

"நான் எப்படிப் பாஸ் சொல்றது?"

"நீதானய்யா கையெழுத்துப் போட்டே," என்று ஃபோனை வைத்துவிட்டார்.

ஆகவே பிள்ளைகளே, எவ்வளவு வெயிலாக இருந்தாலும் சரி, சாப்பைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.